வெயிலுக்கு ஒரு புது வேலை!

சாயத் தண்ணீரைத் தெளிய வைக்கும் வெள்ளைப் பொடி

விருதுநகர் சீமையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்குப் பஞ்சம் வந்தது இல்லை.

மழை குறைவு. ஆற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விட மணல் தெரியும் நாட்களே அதிகம். கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்.

ஆனால் அந்த வெயிலை இந்தச் சீமை மக்கள் வீணாக விட்டது இல்லை. அதையே முதலாகப் போட்டுத் தொழில் செய்தார்கள்.

1922-ம் ஆண்டில் சிவகாசியில் இருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக் கொண்டு ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்தது. பின்னால் பட்டாசு வந்தது. பெட்டியில் ஒட்டும் லேபிளுக்காக அச்சுத் தொழில் வளர்ந்தது.

பட்டாசு காய வெயில் வேண்டும். தீப்பெட்டிக் குச்சி காய வெயில் வேண்டும். அருப்புக்கோட்டையில் சாயம் ஏற்றிய நூல் காயவும் வெயில் வேண்டும். மழை பெய்யாத வானமே தொழிலுக்குத் துணையாக நின்றது.

அந்த வெயிலுக்கு இன்னொரு வேலையும் தெரியும்.

சாயப்பட்டறையில் இருந்து வெளியே வரும் கழிவு நீரில் கலந்திருக்கும் சாயத்தை அது உடைத்துப் போடும்! ஆனால் தனியாக அல்ல. கூடவே கொஞ்சம் வெள்ளைப் பொடி வேண்டும்.

அது என்ன பொடி? எப்படி வேலை செய்கிறது? அதை நம்பி எவ்வளவு தூரம் போகலாம்?

துணியில் ஏறாத சாயம்

தறி இருக்கும் ஊரில் சாயமும் இருக்கும். வெள்ளைச் சேலையை எத்தனை பேர் வாங்குவார்கள்? சிவப்பும் பச்சையும் மாம்பழ மஞ்சளும் இருந்தால்தானே கடையில் கூட்டம் கூடும்!

பருத்தி நூலுக்குச் சாயம் ஏற்றும்போது தண்ணீரில் சாயத்தைக் கரைக்கிறார்கள். உப்பு போடுகிறார்கள். சோடா சேர்க்கிறார்கள். நூலை அதில் முக்கி எடுத்துப் பல முறை அலசுகிறார்கள்.

கரைத்த சாயம் முழுவதும் நூலில் ஏறி விடுவது இல்லை. ஏறாத பங்கு, அலசிய தண்ணீரோடு வெளியே வருகிறது. போட்ட உப்பும் அதே தண்ணீரில்தான் வருகிறது.

பட்டாசில் தெரியும் நிறம் வேறு. துணியில் தெரியும் நிறம் வேறு. மத்தாப்பின் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் என்ற உலோகத்தின் உப்பு காரணம். அந்த நிறம் தீ எரியும் வரைக்கும்தான். தீ அணைந்தால் நிறமும் மறைந்து விடும்.

துணிச் சாயம் அப்படி மறைவது இல்லை. துவைத்தால் போகக் கூடாது, வியர்வை பட்டால் போகக் கூடாது, வெயிலில் உலர்த்தினால் வெளுக்கக் கூடாது என்று நினைத்தே அதை உண்டாக்கினார்கள். வாங்குகிறவருக்கு அது நல்லதுதான். ஆனால் அதே சாயம் ஓடையில் கலந்தால், அங்கும் அவ்வளவு பிடிவாதமாக நிற்கிறது!

நிறம் ஏறிய தண்ணீருக்குள் வெளிச்சம் இறங்காது. வெளிச்சம் இறங்காத குளத்தில் பாசி வளராது. மீன் மூச்சு விடத் திணறும். சில வகைச் சாயங்கள் சிதையும்போது புற்று நோயைக் கொண்டு வரக் கூடிய பொருள்களும் உண்டாகின்றன. இதனால் 1990-களில் மத்திய சர்க்கார் 112 சாயங்களுக்குத் தடை போட்டது.

நொய்யல் சொல்லும் பாடம்

சாயத் தண்ணீரை அலட்சியமாக விட்டால் என்ன ஆகும் என்பதை அறிய வெகு தூரம் போக வேண்டியது இல்லை. நொய்யல் ஆற்றைப் பார்த்தால் போதும்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேரும் ஆறு அது. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டினார்கள். 1992-ம் ஆண்டில் வேலை முடிந்தது. ஈரோடு, கரூர் பக்கத்து வயல்களுக்குப் பாசனம் கிடைக்கும் என்று நினைத்தார்கள்.

திருப்பூரில் பனியன் தொழில் ஓங்கியது. ஊருக்கே சோறு போட்டது. கூடவே சாயப்பட்டறைகளும் பெருகின. கழிவு நீர் ஆற்றில் கலந்து அணையில் தேங்கியது.

அணைக்குத் தண்ணீர் வந்தால் விவசாயி சந்தோஷப்படுவார். தண்ணீரைத் திறந்து விடுங்கள் என்று கேட்பார். ஒரத்துப்பாளையத்திலோ, "அணையைத் திறக்காதீர்கள்!" என்று விவசாயிகள் முறையிட்டார்கள். அந்தத் தண்ணீர் பாய்ந்தால் நிலமே கெட்டு விடும் என்று அஞ்சினார்கள்.

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. ஆண்டுக் கணக்கில் நடந்தது. 2011-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி, கழிவை ஒழுங்காகச் சுத்தம் செய்யாத திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. அவற்றை நம்பி இருந்த தொழிலாளிகள் வேலை இல்லாமல் தவித்தார்கள்.

முதலில் விவசாயி அழுதார். பிறகு தொழிலாளி அழுதார். அந்தத் தண்ணீரைக் காலா காலத்தில் சுத்தம் செய்திருந்தால் இரண்டு பேருமே அழுதிருக்க வேண்டியது இல்லை.

விருதுநகர் சீமைக்கு இந்தப் பாடம் இன்னும் அதிகமாகப் பொருந்தும். தண்ணீர் ஏராளமாக உள்ள ஊரில் ஒரு கிணறு கெட்டால் அடுத்த கிணறு இருக்கும். வானம் பார்த்த பூமியில் ஒரு கிணறு கெட்டால், குடத்தை எடுத்துக் கொண்டு எத்தனை மைல் நடப்பது?

கசடு எங்கே போகும்?

சாயத் தண்ணீரைத் தெளிய வைக்கும் பழைய முறைகள் பல உண்டு.

கலங்கல் நீரில் படிகாரக் கட்டியைச் சுழற்றினால் அழுக்கு அடியில் படியும் அல்லவா? அதைப் போலவே பட்டறைகளில் சுண்ணாம்பும் அன்னபேதியும் போடுகிறார்கள். சாயம் திரிதிரியாகச் சேர்ந்து அடியில் இறங்குகிறது. மேலே தண்ணீர் தெளிகிறது.

ஆனால் சாயம் அழிந்து விட்டதா? இல்லை. அது சேறாக அடியில் கிடக்கிறது. மூட்டை மூட்டையாகச் சேரும் அந்தக் கசடை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது? திறந்த வெளியில் கொட்டினால், அடுத்த மழையில் கரைந்து மறுபடியும் மண்ணுக்குள் இறங்கும்.

கரியை வைத்து வடிகட்டலாம். சாயம் கரியில் ஒட்டிக் கொள்ளும். அந்தக் கரியை என்ன செய்வது?

மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டும் எந்திரமும் உண்டு. அது உப்பைக் கூடப் பிரித்து விடும். நல்ல தண்ணீர் ஒரு பக்கம் வரும். மறுபக்கம், கெட்டது எல்லாம் திரண்ட கெட்டித் தண்ணீர் மிஞ்சும். அதைக் காய்ச்சி வற்ற வைக்க வேண்டும். அதற்குச் செலவு அதிகம். 2011-ம் ஆண்டில் திருப்பூர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தமிழக அரசு 200 கோடி ரூபாயை வட்டி இல்லாத கடனாக அறிவித்தது என்றால், செலவு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

ஆக, இந்த முறைகள் சாயத்தை ஓர் இடத்தில் இருந்து எடுத்து வேறு இடத்தில் வைக்கின்றன. வீட்டைக் கூட்டி, குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளுவது போல!

வெள்ளைப் பொடியின் வேலை வேறு. அது குப்பையையே எரித்து விடுகிறது.

பெரிய ஜப்பானில் ஒரு குமிழி

சிவகாசியைக் "குட்டி ஜப்பான்" என்று நேரு புகழ்ந்தார் என்று சொல்வார்கள். வெள்ளைப் பொடியின் கதை பெரிய ஜப்பானில் தொடங்குகிறது.

1967-ம் ஆண்டு. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா புஜிஷிமா என்ற இளைஞர் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். கெனிச்சி ஹோண்டா என்பவர் அவருடைய ஆசிரியர்.

மாணவர் ஒரு கல்லைத் தண்ணீருக்குள் வைத்து, அதன் மேல் பலமான வெளிச்சத்தைப் பாய்ச்சினார். அந்தக் கல், டைட்டானியம் டை ஆக்சைடு என்ற பொருளின் படிகம். டைட்டானியம் என்ற உலோகமும் பிராண வாயுவும் சேர்ந்தது.

வெளிச்சம் பட்டதும் கல்லில் இருந்து குமிழி கிளம்பியது! விளக்கை அணைத்தால் குமிழி நின்றது. ஏற்றினால் மறுபடியும் வந்தது. சோதித்துப் பார்த்தார். தண்ணீர் உடைந்து பிராண வாயு வெளியே வந்து கொண்டிருந்தது. கல் மட்டும் கரையாமல், தேயாமல் அப்படியே இருந்தது.

1972-ம் ஆண்டில் இருவரும் இதை உலகத்துக்கு அறிவித்தார்கள். 1977-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிராங்க், பார்டு என்ற இருவர், இதே பொருளைக் கொண்டு தண்ணீரில் கலந்த சயனைடு நஞ்சைச் சிதைத்துக் காட்டினார்கள்.

"தண்ணீரையும் நஞ்சையும் உடைக்கிற பொருள், சாயத்தை உடைக்காதா?" என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள். உடைத்தது!

பல்லாங்குழியைப் பாருங்கள்

பொடி எப்படி வேலை செய்கிறது?

பல்லாங்குழி ஆட்டம் எல்லோருக்கும் தெரியும். ஒரு குழியில் உள்ள சோழியை எடுத்தால் அந்தக் குழி காலியாகும். எடுத்த சோழி கையில் இருக்கும்.

வெள்ளைப் பொடிக்குள் எலெக்ட்ரான் என்ற மிக நுண்ணிய சோழிகள் உள்ளன. சூரிய வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. அந்தக் கதிர் பொடியின் மேல் பட்டதும் ஒரு சோழி துள்ளி மேலே போகிறது. அது இருந்த குழி காலியாகிறது.

காலிக் குழி சும்மா இருக்காது. பக்கத்தில் உள்ள தண்ணீரிடம் இருந்து ஒரு சோழியைப் பிடுங்கிக் கொள்ளும். சோழியைப் பறி கொடுத்த தண்ணீர்த் துண்டு ஆவேசம் கொள்கிறது. அதற்கு ஹைட்ராக்சில் என்று பெயர். எதிரில் எது வந்தாலும் அதில் இருந்து சோழியைப் பறிக்கப் பாயும். துள்ளி மேலே போன சோழியோ, தண்ணீரில் கரைந்துள்ள பிராண வாயுவோடு சேர்ந்து இன்னோர் ஆவேசக்காரனை உண்டாக்கும்.

இந்த இருவரிடமும் சாயம் அகப்பட்டுக் கொள்கிறது.

பெரும்பாலான துணிச் சாயங்களில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கை கோத்துப் பாலம் போல நிற்கும். நிறத்துக்குக் காரணமே அந்தப் பாலம்தான். முதலில் பாலம் உடைகிறது, நிறம் போகிறது. பிறகு மிஞ்சிய துண்டுகளும் துண்டு துண்டாகின்றன. கடைசி வரை நடக்க விட்டால் கரியமில வாயுவும், தண்ணீரும், சிறிது உப்புமே மிஞ்சும்.

பொடி என்ன ஆகிறது? ஒன்றும் ஆவது இல்லை. கல்யாணத் தரகர் தாலி கட்டுவது இல்லை. வேலையை முடித்து வைத்து விட்டு அடுத்த வீட்டுக்குப் போய் விடுவார். பொடியும் அப்படித்தான். ஒரு சாயத் துகளை முடித்து விட்டு அடுத்ததற்குப் போகிறது. இப்படித் தான் மாறாமல் பிறவற்றை மாற்றும் பொருளுக்கு வினையூக்கி என்று பெயர். வெளிச்சத்தால் வேலை செய்வதால் இது ஒளி வினையூக்கி.

நமக்குத் தெரிந்த பொடிதான்

டைட்டானியம் டை ஆக்சைடு என்றதும் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம்.

வீட்டுக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டின் வெண்மை அதுதான். சிவகாசி அச்சகங்களின் வெள்ளை மையிலும் அது உண்டு. வாண வேடிக்கையில் வெள்ளிப் பூவாகச் சிதறும் பொறிகளுக்கு டைட்டானியம் தூளைச் சேர்ப்பது உண்டு; அந்தப் பொறி எரிந்து முடிந்தால் மிஞ்சுவதும் இதே பொருள்தான். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கரு மணலில் இல்மனைட் என்ற தாது கிடைக்கிறது. அதில் இருந்துதான் இதை எடுக்கிறார்கள்.

இதே வேலையைச் செய்யும் இன்னொரு பொடி, துத்தநாக ஆக்சைடு. வேர்க்குரு, அரிப்புக்குத் தடவும் காலமைன் மருந்தில் அது இருக்கிறது. சித்த வைத்தியர் தரும் நாகப் பற்பத்தில் பெரும்பங்கு அதுதான்.

வெயிலில் பல ஆண்டு நின்ற பழைய பெயிண்டுச் சுவரைத் தொட்டால், கையில் வெள்ளை மாவு ஒட்டும். பெயிண்டில் உள்ள வெள்ளைப் பொடி, வெயில் பட்டுப் பட்டுத் தன்னைப் பிடித்து வைத்திருக்கும் பசையையே சிதைத்து விடுவதும் அதற்கு ஒரு காரணம். நம் கண் முன்னே நடக்கும் ஒளி வினை அது!

அதனால் நல்ல பெயிண்டுக்குப் போகும் பொடிக்கு மேலே வேறு பொருளால் மெல்லிய உறை போட்டு, அதன் ஆவேசத்தை அடக்கி வைக்கிறார்கள். சாயத் தண்ணீருக்கு வேண்டியது உறை போடாத பொடி. பெயிண்டுக் கடைப் பொடியை வாங்கிச் சாயத் தொட்டியில் கொட்டினால் பலன் இராது.

தமிழ்நாட்டு விஞ்ஞானிகளின் உழைப்பு

இந்த ஆராய்ச்சியில் தமிழ்நாடு பின்தங்கி நிற்கவில்லை.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வி. முருகேசனும் அவருடைய குழுவினரும் துணிச் சாயங்களை எடுத்து வெயிலில் வைத்துச் சோதித்தார்கள். ரியாக்டிவ் புளூ 4 என்ற நீலச் சாயத்தை டைட்டானியம் பொடியும் சூரிய வெளிச்சமும் சேர்ந்து சிதைப்பதை 2002-ம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

அடுத்த ஆண்டில், இரண்டு பொடிகளுக்கும் ஒரு போட்டியே வைத்தார்கள். ஆசிட் பிரவுன் 14 என்ற சாயத்தை வெயிலில் வைத்து, டைட்டானியம் பொடி வல்லதா, துத்தநாகப் பொடி வல்லதா என்று பார்த்தார்கள். அந்தச் சாயத்துக்குத் துத்தநாகப் பொடியே வென்றது! அது சூரிய வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக் கொள்கிறது என்று காரணமும் சொன்னார்கள். அந்தக் கட்டுரையை உலகம் எங்கும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். சுவாமிநாதனும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகள் இதே துறையில் உழைத்தார்கள். ரியாக்டிவ் ஆரஞ்சு 4 என்ற சாயத்தை வெயிலில் சிதைத்த அவர்களுடைய ஆராய்ச்சி 2004-ம் ஆண்டில் வெளிவந்தது.

சுவாமிநாதன் பிறகு விருதுநகர் மாவட்டத்துக்கே வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையத்தில் இந்தப் பணியைத் தொடர்ந்தார். வெயில் எங்கே அதிகமோ அங்கேயே வெயிலைப் பற்றிய ஆராய்ச்சி!

பள்ளிக்கூடத்தில் செய்து பார்க்கலாம்

"சாயத்தை வெயில்தானே வெளுத்தது? பொடி எதற்கு?" என்று ஒரு சிறுவன் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு விடை காணும் வழியும் எளிது. ரசாயன ஆசிரியரை வைத்துக் கொண்டு செய்ய வேண்டும்.

மூன்று பீங்கான் தட்டுகளை எடுத்துக் கொள்ளுங்கள். மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர் விடுங்கள். பள்ளி ஆய்வுக் கூடத்தில் உள்ள மெதிலீன் புளூ என்ற நீலச் சாயத்தில் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். இளநீலமாக இருந்தால் போதும்.

முதல் தட்டில் பொடி வேண்டாம். அதை வெயிலில் வையுங்கள்.

இரண்டாவது தட்டில் ஒரு சிட்டிகை துத்தநாக ஆக்சைடு போடுங்கள். அதை இருட்டில், பீரோவுக்குள் வையுங்கள்.

மூன்றாவது தட்டிலும் அதே அளவு பொடி போடுங்கள். அதை வெயிலில் வையுங்கள்.

அடிக்கடி கலக்கி விடுங்கள். வற்றிய தண்ணீரை ஈடு செய்யுங்கள். சில மணி நேரம் கழித்து, பொடியைப் படிய விட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் தட்டில் நிறம் கொஞ்சம் மங்கி இருக்கலாம். இரண்டாவது தட்டில், பொடியில் ஒட்டிக் கொண்ட அளவுக்கு நிறம் குறைந்து இருக்கலாம். நன்றாகத் தெளிந்து இருப்பது மூன்றாவது தட்டுத்தான். வெயிலும் பொடியும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்பதற்குக் கண் கண்ட சாட்சி அது.

பொடியை மூக்கில் இழுக்கக் கூடாது. கையுறை போட்டுக் கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் தண்ணீரையும் பொடியையும் ஆசிரியரிடம் ஒப்படைத்து விட வேண்டும்.

நிறம் போனால் போதுமா?

இங்கேதான் கவனம் வேண்டும்.

தண்ணீர் தெளிந்து விட்டது என்பதால் அதைக் குடிக்கலாம் என்று அர்த்தம் அல்ல. ஆட்டுக்கும் மாட்டுக்கும் காட்டலாம் என்றும் அர்த்தம் அல்ல.

நிறப் பாலம் முதலில் உடைந்து விடும் என்று பார்த்தோம். மிஞ்சிய துண்டுகள் உடைய இன்னும் நேரம் ஆகும். அந்தத் துண்டுகளுக்கு நிறம் இல்லை, கண்ணுக்குத் தெரியாது. அவற்றில் சில, சாயத்தை விடக் கெட்டவையாகவும் இருக்கலாம். பாதியில் நிறுத்தினால், தெரிந்த பகையை விரட்டி விட்டுத் தெரியாத பகையை வீட்டில் சேர்த்த கதையாகி விடும்.

அதனால் விஞ்ஞானிகள் நிறத்தை மட்டும் பார்ப்பது இல்லை. தண்ணீரில் கரிமம் எவ்வளவு மிஞ்சி இருக்கிறது என்று அளக்கிறார்கள். அந்தத் தண்ணீரை ஊற்றி விதை முளைக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். முளைப்பாரி வளர்க்கும் பெண்களுக்கு இது சட்டென்று விளங்கும். விதையை ஏமாற்ற முடியாது!

இன்னொரு பெரிய விஷயம், உப்பு. சாயம் ஏற்றப் போட்ட உப்பை இந்தப் பொடி தொடவே தொடாது. உப்புத் தண்ணீர் வயலில் பாய்ந்தால், அதில் நிறம் இல்லாவிட்டாலும் நிலம் கெடும். உப்பை எடுக்க வேறு எந்திரம் வேண்டியதுதான்.

பட்டறைக்கு வரத் தடை என்ன?

ஆய்வுக் கூடத்தில் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் பொடி, சாயப்பட்டறைகளில் பரவலாக வரவில்லை. காரணங்கள் உண்டு.

முதல் காரணம், கதிர் குறைவு. சூரிய வெளிச்சம் நூறு பங்கு என்றால், புற ஊதாக் கதிர் நாலைந்து பங்குதான். அந்தப் பங்கை மட்டுமே இந்தப் பொடிகள் நன்றாகப் பயன்படுத்தும். மீதி எல்லாம் வீண். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்திலும் வேலை செய்யும்படி, பொடியில் வெள்ளி போன்ற வேறு உலோகங்களைச் சிறிது கலந்து பார்க்கிறார்கள்.

இரண்டாவது, தண்ணீரின் கருமை. பட்டறையில் இருந்து வரும் தண்ணீர் மை போல இருக்கும். ஆழமான தொட்டியில் விட்டால் வெளிச்சம் அடி வரை போகாது. வெளிச்சம் போகாத இடத்தில் பொடி தூங்கும்.

மூன்றாவது, பொடியைத் திரும்பப் பிடிப்பது. மிக நுண்ணிய பொடி எளிதில் படியாது. தண்ணீரோடு போய் விட்டால் பொடியும் நஷ்டம், ஓடைக்கும் கேடு. துத்தநாகம் அதிகமானால் மீனுக்கு ஆகாது. அமிலத் தண்ணீரில் துத்தநாகப் பொடி கரைந்தும் விடும். இதற்காகப் பொடியைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்க்கிறார்கள். இரும்பு ஆக்சைடோடு சேர்த்து, காந்தத்தால் இழுத்து எடுக்கவும் வழி செய்கிறார்கள்.

நான்காவது, நேரம். ராத்திரியில் வெயில் இல்லை. கார்த்திகை மாதத்தில் மேகம் மூடும். பட்டறையோ நாள் தவறாமல் ஓட வேண்டும்.

எங்கே பொருந்தும்?

இவ்வளவு குறை இருந்தால் பொடியை மறந்து விடலாமா? வேண்டாம். ஒருவரே ஆக்கிப் பரிமாறி இலையும் எடுக்க வேண்டும் என்றால் முடியாது. பங்கு போட்டுக் கொண்டால் பந்தி நடக்கும்.

சுண்ணாம்பு முதலிய பழைய முறைகள் பெருஞ்சாயத்தை முதலில் இறக்கட்டும். அதன் பிறகும் போகாமல் நிற்கும் இளநிறத்தை, ஆழம் இல்லாத அகன்ற தட்டுத் தொட்டியில் விட்டு, வெயிலும் பொடியும் உடைக்கட்டும்.

வேறு விதமாகவும் செய்யலாம். கழிவு நீரைத் தின்று சுத்தம் செய்யும் நுண்ணுயிர்கள் உண்டு. முழுச் சாயம் அவற்றுக்குச் செரிக்காது. பொடி அதைப் பாதி உடைத்துக் கொடுத்தால், மீதியை அவை தின்று விடும். குழந்தைக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டுவது போல! உப்பை மட்டும் கடைசியில் சவ்வு எந்திரம் எடுக்கட்டும்.

ஸ்பெயின் நாட்டில் அல்மெரியா என்று ஒரு வறண்ட சீமை இருக்கிறது. அங்கும் மழை குறைவு, வெயில் கொள்ளை. அங்கே பெரிய சூரிய ஆராய்ச்சி நிலையம் அமைத்து, வளைந்த கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து, கண்ணாடிக் குழாய்களில் ஓடும் கழிவு நீரைச் சுத்தம் செய்து சோதித்தார்கள். அல்மெரியாவால் முடிந்தது, விருதுநகரால் முடியாதா?

இங்கே வெயில் இருக்கிறது. பொடிக்கு வேண்டிய தாது குமரிக் கடற்கரையில் இருக்கிறது. கற்ற விஞ்ஞானிகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். புதுத் தொழிலைக் கல்கத்தா வரை போய்க் கற்று வந்த துணிச்சல் இந்த மண்ணுக்கு உண்டு.

வேண்டியது ஒன்றுதான். ஆய்வுக் கூடத்துக் குவளையில் தெளிந்த தண்ணீர், பட்டறைத் தொட்டியிலும் தெளிய வேண்டும். சிறு பட்டறைக்காரர் தனியாக இதைச் செய்ய முடியாது. பத்துப் பட்டறைகள் சேர்ந்து ஒரு தொட்டி கட்டலாம். கல்லூரி மாணவர்கள் அங்கேயே வந்து, அந்த ஊர்ச் சாயத்தையே சோதித்துச் சொல்லலாம். சர்க்கார் கைகொடுக்கலாம்.

சாயமும் வேண்டும்; கிணறும் வேண்டும். சேலையில் நிறம் இருக்கட்டும். குடத்துத் தண்ணீரில் மட்டும் நிறம் வேண்டாம்.